இஸ்திரிப்பெட்டி

அறுபத்தொரு சண்டை.
ஒன்றுக்கும் காசு வாங்கியதில்லை.
வாங்கினால் நீ அமெச்சூர் இல்லை என்பார்கள்.
பரிசு வாங்கலாம்:
ஸ்பூன் செட்டு, மேசை விளக்கு, கண்ணாடிக் கிண்ணம்,
ஒருமுறை ஸ்வான்சீயில் மீன் வெட்டும் கத்தி.
எங்கள் சமையலறையில் பாதி
என் மூக்கு வழியாக வந்தது.

எண்பத்தாறு மார்ச், கார்டிஃப், இறுதிச் சண்டை.
ஐந்து நடுவர்களில் மூன்று பேர் அவன் பக்கம்.
டெல்வின் ஹாப்கினுக்குச் சுவர்க் கடிகாரம்.
கெத்தின் புரோபர்ட்டாகிய எனக்கு
இஸ்திரிப்பெட்டி.

நெரிஸ் பதினோரு வருஷம்
அதில்தான் துணி தேய்த்தாள்.
வீட்டைப் பிரித்துக்கொண்ட நாளில்
ஸ்பூன்களை எண்ணி எடுத்துப் போனாள்,
இதை மட்டும் வைத்துவிட்டு.
என்ன சொல்ல நினைத்தாளோ.

உருக்காலை பாதியாகச் சுருங்கியபோது
கையில் கொடுத்த பணத்தில்
நியூபோர்ட்டில் ஒரு பழைய டயர்க் கிடங்கு.
இன்னும் மழை பெய்தால் ரப்பர் மணக்கும்.
சுரங்கத் தொழிலாளர் மன்றம் ஒன்று மூடியபோது
அவர்களுடைய ரிங்கை வேனில் கட்டி வந்தேன்.
நடுவில் ஒரு இரும்புத் தூண்.
ரிங்கைத்தான் நகர்த்தலாம், தூணை நகர்த்த முடியாது.
ஒரு பக்கம் ஒரு அடி குறைந்தது.
அதனால் என் பிள்ளைகள் யாரும்
வலப்புறம் நழுவ மாட்டார்கள்.
வேல்ஸ் முழுக்கத் தெரியும்,
தூண் இல்லாத இடத்திலும்
தூணுக்குப் பயப்படுகிறவர்கள்
புரோபர்ட் ஜிம் ஆட்கள் என்று.

முதலாளி என்கிறார்கள்.
முதலாளி காலை ஐந்தரைக்குச் சாக்கடை குத்துவான்.
ஈரக் கைக்கட்டுத் துணிகளை முடிச்சவிழ்த்து உலர்த்துவான்.
பிஸ்கட் டப்பாவில் சந்தாவை எண்ணுவான்,
பாதி சில்லறை, பாதி
‘வெள்ளிக்கிழமை தருகிறேன்’ என்ற சீட்டு.
எந்த வெள்ளிக்கிழமை என்று
யாரும் எழுதியதில்லை.

செவ்வாய் காலை வகுப்பு
ஆஸ்பத்திரி அனுப்பிவைக்கும் ஆட்களுக்கு.
நடுக்கம் உள்ளவர்கள்.
குத்தினால் உடம்புக்கு நல்லதாம்,
யாரும் திருப்பிக் குத்தாதவரை.
போன மாதம் ஏழாவது ஆளாக ஒருவர்
கால் தேய்த்துத் தேய்த்து உள்ளே வந்தார்.
முகம் தெரியவில்லை.
இடது தோளைப் பார்த்தேன்.
ஹூக் போடுவதற்கு முன்னால்
அரை அங்குலம் இறங்கும் தோள்.
எத்தனை இரவு அதைப் பார்த்திருக்கிறேன், படுக்கையில்,
கண்ணை மூடிக்கொண்டு.

கையை நீட்டச் சொன்னேன்.
விரலிடுக்கில் துணியைச் சுற்றச் சுற்ற
நிற்கப்போகும் குளிர்பெட்டி மாதிரி
உதறிக்கொண்டே இருந்தது.
‘நீங்கள் சண்டை போட்டிருக்கிறீர்களா?’ என்றார்.
‘கொஞ்சம்.’
‘நானும்தான். வீட்டில் ஒரு கடிகாரம் இருக்கிறது.
யாரை அடித்து வாங்கினேன் என்பதுதான் மறந்துவிட்டது.’
‘ஓடுகிறதா?’
‘பத்து நிமிஷம் முந்தி ஓடும்.’

சொல்லியிருக்கலாம்.
வாயில் பல்காப்பு இருப்பது போல
நாக்கு புரளவில்லை.

பேடைப் பிடித்தேன்.
தோள் அரை அங்குலம் இறங்கியது.
எண்பத்தாறில் அந்த இடத்தில்
என் தாடையை வைத்திருந்தேன்.
இந்த முறை பேடை வைத்தேன்.
டப் என்று கிடங்கு முழுக்கக் கேட்டது.
மற்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.
அவர் தன் கையையே பார்த்தார்,
யாரோ கடன் கொடுத்ததைப் போல.
‘இன்னொன்று’ என்றேன்.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரு பனியன் உண்டு,
முதுகில் பெயர், சூடு வைத்து ஒட்டுகிற எழுத்து.
எல்லோரும் போன பிறகு
மேசைமேல் துண்டை விரித்து
ஹாப்கின் என்று எழுத்துகளை அடுக்கினேன்.
கொஞ்சம் கோணல்.
இஸ்திரிப்பெட்டியைச் செருகினேன்.
ஒயர் பழசு.
சூடேற நேரமாகும்.